'தி லாஸ்ட் லீஜியன்' ஏன் ஏமாற்றமளித்தது?

2007ஆம் ஆண்டு வெளிவந்த இந்தப் படத்தில் காலின் ஃபர்த், பென் கிங்ஸ்லி, ஐஸ்வர்யா ராய் எனத் தேர்ந்த நடிகர்கள் இருந்தும் படம் ஏன் நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

என் பார்வையில் முதற்குறை, கையில் கிடைத்த வரலாற்றை நம்பாமல் விட்டதே. கி.பி. 476இல் ஜெர்மானியப் படைத்தலைவன் ஒடோவாக்கர், ரோமானியத் தளபதி ஒரெஸ்டஸைக் கொன்று, அவருடைய மகனும் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசனுமான சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸை, அன்றைய தலைநகரான ராவென்னாவில் அரியணையிலிருந்து இறக்கினான். ஆனால் அச்சிறுவனின் இளமைக்கு இரங்கி, உயிரைப் பறிக்காமல், ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுத்துத் தென் இத்தாலியின் கம்பானியாவுக்கு அனுப்பிவைத்தான். தந்தையைக் கொன்றவனின் தயவில் வாழ நேர்ந்த ஒரு பேரரசன்! இதைவிட உருக்கமான கதைக்கரு வேறென்ன வேண்டும்? படமோ வீழ்ச்சியை ரோம் நகரில் காட்டிவிட்டு, சிறுவனைக் காப்ரித் தீவில் சிறைவைத்து, சீசரின் வாளைக் கையில் கொடுத்துப் பிரிட்டனுக்கு ஓட்டிச் செல்கிறது. இறுதியில் கல்லில் செருகி நிற்கும் அவ்வாளின் மீது பாசி படர்ந்து சில எழுத்துகளை மறைக்க, எஞ்சியவை பிரிட்டன் பழங்கதைகளின் ஆர்தர் மன்னனுடைய வாளின் பெயரான 'எக்ஸ்காலிபர்' ஆகின்றன. அழகான கற்பனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ரோமின் கதை முழுவதும் பலியாகிவிட்டது.

எனக்கு மிகவும் வலித்தது ஐஸ்வர்யா ராயின் மீரா பாத்திரம். அவள் கேரளத்திலிருந்து வந்த வீராங்கனை. பொன்னொடு வந்து மிளகொடு திரும்பிய யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கலங்களை, சேரநாட்டு முசிறித் துறையில் வைத்து அகநானூறு பாடியிருக்கிறது. அத்தகைய கடலுறவின் வழித்தோன்றலாக அவளைக் காட்டியிருக்கலாம். படம் அவளுக்கு வாள்வீச்சையும் காதலையும் மட்டுமே கொடுத்தது.