ஸ்டைலஸ் பேனாவில் அதிர்வு மோட்டார் வைத்து டேப்லெட் திரையில் சொரசொரப்பை உணர வைக்க முடியுமா? உப்புத்தாள், ஜீன்ஸ் துணி எல்லாமே ஒரே மாதிரி நடுங்குகிறதே, ஏன்?

முடியும். ஆனால் அந்த மோட்டாரால் முடியாது. பழைய போனிலிருந்து எடுக்கும் சின்ன மோட்டாரின் தண்டில் ஒருபக்க எடை இருக்கும். வேகமாகச் சுற்றினால் அதிர்வெண்ணும் கூடும், வலுவும் கூடும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் மாற்ற வழியில்லை. புதிய போன்களில் வரும் நேர்கோட்டு அதிர்வான் வேகமாகப் பதில் தரும், ஆனால் அது தன் ஒத்ததிர்வெண்ணில், அதாவது தானாகவே எளிதாக ஆடும் ஒரே அதிர்வெண்ணில் மட்டும்தான் நன்றாக ஆடும். அதனால்தான் உப்புத்தாளும் ஜீன்ஸும் ஒன்றாகிவிடுகின்றன.

வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரில் இருப்பது போல காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது) வகைக்கு மாறுங்கள். மேஜையில் ஒட்டினால் மேஜையையே ஸ்பீக்கராக்கும் எக்ஸைட்டர் கிடைக்கிறதே, அதில் பேனாவில் பொருந்தும் அளவு சிறியதாகப் பார்த்து வாங்குங்கள். ஓட்டுவதற்கு பிஏஎம்8403 போன்ற 5 வோல்ட் ஆம்ப்ளிஃபையர் போர்டு போதும். 20 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை பார்த்துக்கொண்டால் சரி. தோலுக்கு அடியில் இருந்து அதிர்வை உணரும் பசினியன் உணரிகள் 250 ஹெர்ட்ஸ் அருகே மிகக் கூர்மையாக இருக்கும்; 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது.

அடுத்தது பதிவு: உண்மையான பரப்புகளின் மேல் பேனாவை இழுக்கும்போது வரும் அதிர்வைப் பதிய வேண்டும். அதிர்வை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்345 முடுக்கமானியைப் பேனாவின் முனைக்கு அருகே பொருத்துங்கள். அளக்கும் வீச்சை ±16 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) என்று வையுங்கள். குறைவாக வைத்தால் கரடுமுரடான பரப்பில் சிக்னல் உச்சியில் வெட்டுப்படும். நொடிக்கு 3200 முறை அளவெடுக்க, சிப்பையும் கன்ட்ரோலரையும் இணைக்கும் இரு வழிகளில் எஸ்பிஐ கட்டாயம், ஐ2சி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஒட்டுவதற்கு ஸ்பாஞ்ச் வைத்த டபுள் சைடு டேப் வேண்டவே வேண்டாம். உப்புத்தாளின் அடையாளமே உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது, ஸ்பாஞ்ச் அதைத்தான் முதலில் விழுங்கும். ஃபெவிக்விக் நல்லது. பதிவிலிருந்து 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி நீக்கினால் புவியீர்ப்பும் கை அசைவும் போய்விடும். மூன்று அச்சுகளையும் தனித்தனியாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. உயர் அதிர்வெண் அதிர்வு எந்தத் திசையில் வருகிறது என்று கை பெரிதாகப் பிரித்தறிவதில்லை. ஒரே அச்சுக்குச் சுருக்கலாம்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில். பதிவை ஒரு ஆடியோ ஃபைல் போல அப்படியே ஓட்டினால் பொய் உடனே தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிகள் உள்ள ஒரு பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பேனா போனால் 100 ஹெர்ட்ஸ், 200-இல் போனால் 200 ஹெர்ட்ஸ். கை வேகமெடுக்கும்போது சுருதி ஏறாவிட்டால் மூளை அதைப் பரப்பாகவே ஏற்காது, பேனாவுக்குள் ஏதோ உறுமுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். அழுத்தமும் அப்படியே: அழுத்தினால் வலு கூட வேண்டும். ஆகவே ஒவ்வொரு பரப்பையும் பல வேகங்களிலும் அழுத்தங்களிலும் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரியல் கணிப்பு மாடல் (முந்தைய அளவுகளிலிருந்து அடுத்ததைக் கணிக்கும் சூத்திரம்) செய்து, கை இருக்கும் நிலைக்கு ஏற்ப அவற்றுக்கு இடையே கலக்க வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கூச்சன்பெக்கரின் குழு இந்த வழியில்தான் 100 பரப்புகளுக்கான தொகுப்பை 2014-இல் வெளியிட்டது. நேரம் குறைவென்றால் அதையே எடுத்து ஆரம்பியுங்கள்.

இதையெல்லாம் செய்தும் பரப்புகள் ஒன்றுபோலவே இருந்தால் எக்ஸைட்டரின் சொந்தக் குரலைச் சந்தேகியுங்கள். பேனாவைக் கையில் பிடித்தபடியே (மேஜையில் வைத்து அளந்தால் பயனில்லை, பிடி மாறினால் அதிர்வும் மாறும்) 20 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை ஒரே வலுவில் சைன் அலையை ஏற்றி, அதே முடுக்கமானியால் அளவெடுங்கள். எங்கே மேடு வருகிறதோ அங்கே சிக்னலைக் குறைத்து ஈடுகட்டுங்கள்.

கை அசைவதற்கும் அதிர்வு வருவதற்கும் இடையிலான தாமதத்தையும் அளவெடுங்கள். 50 மில்லிசெகண்ட் தாமதம் என்றால், நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் துணியின் விளிம்பு 5 மில்லிமீட்டர் தள்ளி உணரப்படும். பரப்பின் நடுவில் பெரிதாகத் தெரியாது, விளிம்பில்தான் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, காது. எக்ஸைட்டர் ஒலியும் எழுப்பும், அந்த ஒலி தொடுவுணர்வையே மாற்றும். ஃபின்லாந்தில் யூஸ்மாகியும் ஹாரியும் 1998-இல் இதைக் காட்டினார்கள்: உள்ளங்கைகளைத் தேய்க்கும் ஓசையை ஹெட்ஃபோனில் கேட்க வைத்து, அதன் உயர் அதிர்வெண்களைக் கூட்டினால் தோல் காகிதம் போல உலர்ந்ததாகத் தோன்றியது. டெமோவில் இது உங்களுக்கு வரம். சரியான உரசல் ஒலியைச் சேர்த்தால் சுமாரான எக்ஸைட்டர்கூட நம்ப வைக்கும். ஆட்களை வைத்துச் செய்யும் சோதனையிலோ இதுவே முடிவைக் கெடுக்கும். பங்கேற்பவருக்குக் காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோனில் இரைச்சல் கொடுங்கள், பேனாவைத் திரைச்சீலையால் மறையுங்கள். ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தால் 250 ஹெர்ட்ஸ் அருகே உணர்வு மந்தமாகும், சூடேறிய பிறகு தொடங்குங்கள். தொடர் அதிர்வில் விரல் மரத்துப்போகும், இடைவெளி விடுங்கள்.

இரைச்சல் உண்மையிலேயே மறைக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். எக்ஸைட்டரைப் பேனாவிலிருந்து கழற்றி, பக்கத்தில் ஸ்பாஞ்சின் மேல் வைத்து அதே சிக்னலை ஓட்டுங்கள். இரண்டு பரப்புகளில் எது அதிகச் சொரசொரப்பு என்ற கேள்விக்குச் சரியான பதில் 50 சதவீதத்தை ஒட்டி வந்தால் தொடரலாம். தெளிவாக மேலே போனால் விரல் அல்ல, காதுதான் பதில் சொல்கிறது. இரைச்சலைக் கூட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.