கரண்டிச் சத்தம்

அன்புள்ள ஐயா,

வளரும் நாடுகளின் உணவுப் பற்றாக்குறையை ‘மனிதப் பாதுகாப்பு’ப் பிரச்சினை என்று ஒரு கருத்தரங்கில் பேசினார்கள். பாதுகாப்பு என்றால் எல்லையும் ராணுவமும்தானே? பசியை அதில் சேர்ப்பது வெறும் சொல்விளையாட்டு இல்லையா? மக்கள்தொகை பெருகிவிட்டது, விளைச்சலைக் கூட்டினால் தீர்ந்துவிடாதா?

ர.

அன்புள்ள ர.,

மக்கள்தொகைக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அதைக் குறைசொல்லும் எவரும் தன்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

சொல்விளையாட்டு என்கிறீர்கள். 1994ஆம் ஆண்டின் ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை மனிதப் பாதுகாப்பை, அதாவது மனிதரின் அன்றாட வாழ்வுக்கான பாதுகாப்பை, ஏழாகப் பிரித்து, உணவையும் அதில் ஒன்றாக வைத்தது. 2008இல் ஹெய்ட்டியில் உணவு விலை ஏறி, மக்கள் தெருவுக்கு வந்து, பிரதமரின் பதவியே போனது. அப்போது அங்கே ஐ.நா. படையும் இருந்தது. போகட்டும்.

விளைச்சலைத்தான் என்னால் விடமுடியவில்லை. படித்தவர்கள் இன்னும் எத்தனை காலம் இதையே சொல்வீர்கள்? 1974இல் வங்கதேசத்தில் பஞ்சம். தலைக்கு இவ்வளவு தானியம் என்று கணக்கிட்டால், முந்தைய மூன்று ஆண்டுகளைவிட அந்த ஆண்டில் அதிகமாகவே இருந்தது என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் காட்டினார். வெள்ளம் வந்து வயல்வேலை நின்றது. கூலிக்காரருக்குக் கூலி போயிற்று, விலையோ ஏறியது. அரிசி கண்ணெதிரே இருக்க, வாங்க வழியில்லாமல் செத்தார்கள். இதில் எந்த விளைச்சலைக் கூட்டுவீர்கள்?

உணவின்மையை அளக்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, போதிய உணவு இல்லாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது. அதைப் படித்த அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

நாங்கள் பட்டினி கிடந்தோம் என்று சொன்னால் அது பொய். ஆனால் அம்மா பாத்திரத்தின் மூடியை ஒருநாளும் முழுதாகத் திறந்ததில்லை. ஒரு கையால் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் பரிமாறுவாள். மிச்சம் எவ்வளவு என்று எங்கள் கண்ணில் படக்கூடாது. காதை என்ன செய்வாள்? கரண்டி அடியைத் தட்டும்போது சத்தம் மாறும். உடனே நானும் தங்கையும் “போதும்” என்போம். தங்கைக்கு அப்போது ஐந்து வயது. அதன் பிறகு அம்மா என்ன சாப்பிட்டாள் என்று நான் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. ஒரு குடும்பத்தை ஒரே வயிறாக எண்ணும் புள்ளிவிவரம் எதைக் கண்டாலும் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

இன்று எனக்குக் குறையொன்றும் இல்லை. இருந்தும் விருந்துகளில் யாராவது பாத்திரத்தைச் சுரண்டினால் என் கை தானாகத் தட்டை மறைக்கிறது.

கடுமையாகப் பேசிவிட்டேனோ? கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. எல்லையையும் ராணுவத்தையும் பற்றி நீங்கள் கேட்டது அப்படியே நிற்கிறது. மறுபடி எழுதுங்கள், மக்கள்தொகையை மட்டும் விட்டுவிட்டு.