சென்ட் விலை ஏறினால் கடன் அடையுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எனக்கும் அண்ணனுக்கும் கூட்டாக ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலைக்குக் கிடைப்பது பறிகூலிக்கே சரியாகப் போகிறது. சுற்றிலும் சென்னை, பெங்களூர்க்காரர்கள் பங்களா கட்டியதில் சென்ட் 4 லட்சம் என்கிறார்கள். எனக்கு நான்கு வருடமாக 3 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. தோட்டத்தை அடமானம் வைத்து 25 லட்சத்தில் காட்டேஜ் கட்டலாம் என்று அண்ணன் நெருக்குகிறார். செய்யலாமா?

பதில்: காட்டேஜை விடுங்கள், முதலில் அந்த நகைக்கடன். வட்டி மட்டும் கட்டி மறு அடகு வைக்கிறீர்கள், இல்லையா? நிலம் விலை ஏறுகிறதே என்ற தைரியம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றாலே 1,44,000 போயிருக்கும். அசல் அப்படியே நிற்கிறது.

அந்த 4 லட்சம் உங்கள் ஊர் சம்பாதித்த விலை அல்ல. வருடத்தில் இருபது நாள் விளக்கெரிகிற வீட்டால் மளிகைக் கடைக்கு என்ன வியாபாரம்? பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையாவது வருமா? கட்டும்போது கொத்தனாருக்கு வேலை, அப்புறம் ஒரு வாட்ச்மேன் சம்பளம். ஆனால் உள்ளூர்ப் பையன் கல்யாணமாகி மூன்று சென்ட் கேட்டால் அவனுக்கும் அதே விலைதான். உங்களிடம் நிலமாவது இருக்கிறது. அதைத்தான் அண்ணன் அடகு வைக்கச் சொல்கிறார்.

காட்டேஜ் கணக்கு: 25 லட்சம், 10 சதவீதம், 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 27,000, வருடத்துக்கு 3.24 லட்சம். இரண்டு அறை, 2,500 வாடகை, வருடத்தில் நூறு இரவு நிறைந்தால் 5 லட்சம். ஆப் கமிஷன், ஆள், தண்ணீர் லாரி, கரண்ட் என்று பாதி போய்விடும். முக்கால் லட்சம் கையிலிருந்து போட வேண்டும். நூறு இரவு என்பதே தாராளமான கணக்கு. 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ்; 2025 சீசனில் நாளுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. மலையில் கட்டட அனுமதி வாங்கும் அலைச்சல் தனி. ‘கட்டித் தாருங்கள், மாத வாடகைக்கு நாங்கள் உத்தரவாதம்’ என்று யாராவது பளபள நோட்டீஸோடு வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நான்கு வருடத்தில் பவுன் விலை எங்கேயோ போய்விட்டது. வீட்டில் பேசி, நகையில் ஒரு பகுதியை விற்றால் அசல் முழுதும் அடையும். அண்ணனுக்கு ஆசை விடவில்லையென்றால் பாகம் பிரித்து, அவர் பங்கின்மேல் அவர் பெயரில் கடன் வாங்கட்டும். ஜாமீன் கையெழுத்துக்கு உங்களைக் கூப்பிடுவார், போகாதீர்கள்.