சுழியோடிவிட்டு அன்றே நுவரெலியா ஏறலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் நானும் கணவரும் மகனும் ஐந்து நாட்களுக்கு மாலைதீவு போகிறோம். தம்பி அங்கே ஒரு ரிசோர்ட்டில் வேலை செய்கிறான். நான் இரண்டு வருடங்களுக்கு முன் ஹிக்கடுவையில் ஓப்பன் வோட்டர் என்ற முதல்நிலைச் சுழியோடல் பயிற்சி முடித்தேன். இதுவரை ஆறு டைவ். கணவருக்கு அனுபவம் கிடையாது. எந்தப் பக்கம் தங்கினால் நல்ல இடங்களைப் பார்க்கலாம்? கடைசி நாள் காலையில் ஒரு டைவ் போட்டுவிட்டு, இரவு கட்டுநாயக்கவில் இறங்கி, அப்படியே வேனில் வீட்டுக்கு ஏறிவிட யோசனை. சரி வருமா? இன்னொன்று, மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கும் பழைய கோவிலைச் சுழியோடிப் பார்க்க முடியுமா என்று மகன் கேட்கிறான்.
– வாசகி, நுவரெலியா

பதில்: கடைசி நாள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது சரி வராது. காலையில் கடலுக்குள், இரவு விமானத்தில், விடியும்போது நுவரெலியாவில் என்ற திட்டத்தை இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஏன் என்று கேட்டால், கொழும்பில் வாங்கிய முறுக்குப் பக்கெட்டை நினைத்துப் பாருங்கள். கம்பளை வரை சும்மா கிடக்கும். புசல்லாவை தாண்டி இறம்பொடை வளைவுகளில் வேன் ஏறும்போது பார்த்தால் தலையணை மாதிரி உப்பி, கை வைத்தால் வெடிக்கும் போல இருக்கும். பக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை, வெளியே அழுத்தம் குறைந்திருக்கிறது. அதேபோல வீட்டில் குடித்து மூடிய வெறும் தண்ணீர்ப் போத்தல் கொழும்பு போய்ச் சேரும்போது சப்பளிந்து கிடக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான்.

கடலுக்குள் கதை நேர் எதிர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகும். மேலே வந்த பிறகு அது நுரையீரல் வழியாக மெதுவாக வெளியேற வேண்டும். அதற்கு மணிக்கணக்கு ஆகும். அதற்குள் சுற்றியுள்ள அழுத்தம் இன்னும் குறைந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலி, விரல் விறைப்பு, தோலில் அரிப்பு, காரணமில்லாத களைப்பு, மோசமாகப் போனால் கை கால் விழுவது வரைக்கும் அது கொண்டுபோய் விடலாம்.

விமானத்துக்குள் அழுத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். ஆனாலும் உள்ளே இருப்பது சுமார் 2,400 மீட்டர் வரையான மலையில் இருப்பதற்குச் சமம். ‘டைவ் செய்துவிட்டுப் பறக்காதே’ என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வது இதற்காகத்தான். நம் ஊரே ஒரு முக்கால் விமானம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் வழிகாட்டல் இது: மேலே வரும் வழியில் இடையில் நின்று வரத் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு நாளில் பல டைவ், அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் 18 மணி நேரம். மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று வரவேண்டிய ஆழ டைவ் என்றால் அதைவிட நன்றாகக் கூட. இது சுமார் 600 முதல் 2,400 மீட்டர் வரையான உயரத்துக்குப் போட்ட கணக்கு. அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை எல்லாம் இதற்குள் வந்துவிடும். கண்டி நகரம் 500 மீட்டர் அளவில் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது.

நீங்கள் பல நாள் டைவ் செய்யப் போகிறீர்கள், ஆகவே 18 மணி நேரம். நான் என் ஆட்களுக்கு 24 என்றுதான் சொல்வேன். சனி இரவு விமானம் என்றால் வெள்ளி மாலை கடைசி டைவ் முடிந்து படகில் இருக்க வேண்டும். விமானத்துக்கு முன்பே அந்த நேரத்தைக் கழித்துவிட்டீர்கள் என்றால், கட்டுநாயக்கவிலிருந்து வேனில் ஏறுவதற்குத் தனியாகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் மாலைதீவுக்குள் ஓடும் சீப்ளேனும் உள்நாட்டு விமானமும் இந்தக் கணக்கில் சேரும், ஸ்பீட் போட் சேராது. ஒட்சிசன் கூடிய நைட்ரொக்ஸ் என்ற காற்றுக் கலவை எடுத்தால் உடனே பறக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கே பட்டிருக்கிறது. கிழக்குக் கரையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நிலாவெளியில் காலையில் இரண்டு டைவ் முடித்துவிட்டு, மத்தியானம் கந்தப்பளையில் மச்சானுடைய கல்யாணத்துக்குக் கிளம்பினேன். விமானமா ஏறுகிறோம், பஸ்தானே என்ற நினைப்பு. நீ எங்கே போகிறாய் என்று சுழியோடல் கடையில் ஒருவரும் கேட்கவுமில்லை. இறம்பொடையில் இடது தோளில் ஒரு வலி தொடங்கியது. சிலிண்டர் தூக்கியதால் என்று நினைத்து, சித்தாலேப பூசிக்கொண்டு படுத்தேன். விடிய எழும்பித் தாலி கட்டும் நேரத்தில் கையில் பூ அரிசி நிற்கவில்லை, விரல்கள் விறைத்திருந்தன. எனக்குப் படிப்பித்த மாஸ்டருக்குப் போன் எடுத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை மணிக்குத் தண்ணீரை விட்டு வெளியே வந்தாய்?” அடுத்த வார்த்தை, “உடனே கீழே இறங்கு.” ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்த பிறகுதான் வலி விட்டது. விரல் சரியாக இரண்டு நாள் ஆனது.

அதனால் உங்களுக்கும், திருகோணமலைப் பக்கம் புறாத்தீவுக்குப் போய்வரும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். விமானம் ஏறுகிறவனுக்கு எச்சரிக்கை கிடைக்கிறது, பஸ் ஏறுகிறவனுக்குக் கிடைப்பதில்லை. டைவ் செய்த அன்று இரவு மாத்தளையிலோ கண்டியிலோ தங்கிவிட்டு அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஏறுங்கள். தெற்குக் கரையிலிருந்து அட்டன் பக்கம் வருகிறவர்கள் அவிசாவளையில் தங்கலாம். மலையிலிருந்து இறங்கிப் போய் அன்றே டைவ் செய்வதில் இந்தப் பயம் இல்லை. பயணக் களைப்பு மட்டும்தான்.

இனி இடங்கள். மாலைதீவில் சுமார் 1,200 தீவுகள், அட்டோல் என்று சொல்லும் 26 முருகைக்கல் வளையங்களில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே டைவ் இடங்களின் பெயரைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ‘கண்டு’ என்று முடிந்தால் அது அட்டோலுக்குள் கடல் புகுந்து வெளியேறும் வாய்க்கால், நீரோட்டம் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். ‘திலா’ என்றால் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் முருகைக் கற்குன்று. ‘கிரி’ என்றால் அதைவிடச் சின்னது, உச்சி நீர்மட்டத்தை ஒட்டி வந்திருக்கும். கிரி என்றால் நமக்கு மலை, அங்கேயும் ஏறக்குறைய மலைதான், என்ன, கழுத்து வரை முக்கி வைத்திருக்கிறார்கள். ஆறு டைவ் போட்டவருக்கு அட்டோலுக்கு உள்ளே இருக்கும் கிரியும், நீரோட்டம் அடங்கிய நேரத்துத் திலாவும் போதும். கண்டு இப்போதைக்கு வேண்டாம்.

டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கி ஏப்ரல் வரை தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும் காலம். நல்ல மாதத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் பலரும் ஆசைப்படும் பா அட்டோலின் ஹனிஃபாரு குடாவை மறந்துவிடுங்கள். கொம்புத்திருக்கைகள் கூட்டமாக வந்து மேய்வது தென்மேல் பருவக்காற்றில், ஜூன் முதல் நவம்பர் வரை. அதோடு அங்கே சிலிண்டர் கட்டி இறங்கவே தடை, ஸ்னோர்க்கல் என்ற மூச்சுக் குழாயோடு மேலே மிதப்பது மட்டும்தான்.

ஐந்து நாளுக்கு நான் சொல்வது தெற்கு ஆரி அட்டோல், திகுரா தீவு. மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் இரண்டு மணி நேரம் அளவில் போய்விடலாம், விமானக் கணக்கு குறுக்கே வராது. வருடம் முழுக்கத் திமிங்கிலச் சுறா தட்டுப்படும் கடல் அது. பெயருக்குப் பயப்பட வேண்டாம், மிதக்கும் நுண்ணுயிர்களைச் சலித்துத் தின்னும் சாது. பெரும்பாலும் மேல்மட்டத்தில் நீந்துவதால் படகிலிருந்து ஸ்னோர்க்கலோடு குதித்தே பார்க்கலாம். நீந்தத் தெரிந்தால் கணவருக்கும் மகனுக்கும் அதில் பங்கு உண்டு. பயணம் குறுகியதாக இருக்க வேண்டுமென்றால் வாவு அட்டோல், ஃபுலிதூ தீவு. பக்கத்து அலிமத்தாவில் இருட்டிய பிறகு நர்ஸ் சுறாக்கள் டஜன் கணக்கில் கால் மாட்டில் வந்து உரசும். இரவு டைவ் ஒருதரமும் செய்யாதவர் அதை முதல் நாளே போடக்கூடாது.

வடக்கு ஆரியின் மாயா திலாவைப் பற்றித் தம்பி சொல்லியிருப்பான். உச்சி 6 மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது, வெள்ளை முனைச் சுறாக்களுக்குப் பேர் போனது. வழிகாட்டி நீரோட்டம் பார்த்துச் சம்மதித்தால் போகலாம். விமான நிலையத்தை ஒட்டி 1981இல் மூழ்கிய விக்டரி கப்பல், புவக்முலாவின் புலிச்சுறா, இரண்டும் உங்கள் அனுபவத்துக்கு மேலே. கேட்டால் கூட்டிப்போகிற கடை கிடைக்கலாம், அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். மாலைதீவுச் சட்டப்படி பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு எல்லை 30 மீட்டர். உங்கள் சான்றிதழுக்கு 18.

முதல் நாள் கரையோரத்தில் ஒரு சோதனை டைவ் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருட இடைவெளியில் முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவதைக் கை மறந்திருக்கும். கணவருக்கு அறிமுக டைவ் போதும், பயிற்சியாளர் கையைப் பிடித்தபடி 12 மீட்டருக்குள். மலையில் வளர்ந்தவர்களுக்கு நீச்சலை விட மூக்குத்தான் பிரச்சினை. பாதிப் பேருக்குப் பீனிசம், மீதிப் பேருக்குத் தடிமன். மூக்கு அடைத்திருந்தால் காதுக்குள் அழுத்தம் சமப்படாது, மூன்று மீட்டரிலேயே ஊசி குத்தும். மருந்து போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது அதைவிடப் பிழை. கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால் மேலே வருவது நரகம். ஆஸ்துமா, இதயம், இரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் படிவத்தில் டொக்டர் கையெழுத்துக் கேட்பார்கள். அதை இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள், தீவில் போய் அலைய வேண்டாம்.

தண்ணீருக்குள் இறங்காத கடைசி நாளை வீணென்று நினைக்காதீர்கள். ஸ்னோர்க்கலோடு மேலே மிதக்கலாம். மாலே மீன் சந்தைப் பக்கம் போனால் மாசிக்கருவாடு வாங்கலாம், சம்பலுக்கு அதை அடிக்க வேறு கிடையாது.

ஊருக்கு வந்த பிறகு ஒரு நாளுக்குள் மூட்டு வலியோ விறைப்போ தலைச்சுற்றோ வந்தால் தைலம் பூசிப் பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய், வாயைத் திறந்ததும் ‘கடலில் சுழியோடிவிட்டு வந்தேன், கடைசி டைவ் இத்தனை மணிக்கு’ என்று சொல்லுங்கள். மலைநாட்டில் டொக்டர்மார் அன்றாடம் பார்க்கிற வியாதி இல்லை, நீங்கள் சொல்லாமல் அவர்களுக்குத் தோன்றாது. முதல் உதவி சுத்த ஒட்சிசன்.

மகனின் கேள்விக்கு: நல்ல கேள்வி, ஆனால் முடியாது. மின்சார நீர்த்தேக்கத்தில் நினைத்தபடி இறங்க விடமாட்டார்கள். விட்டாலும் உயரத்தில் உள்ள தண்ணீருக்குக் கடல் கணக்கு பொருந்தாது, 300 மீட்டருக்கு மேலே வேறு அட்டவணை. அடியில் சேறு வேறு, கோபுரத்துக்கு முன்னால் நின்றாலும் கை தெரியாது. நல்ல வரட்சி வரட்டும். தண்ணீர் வற்றி, மூழ்கிக் கிடக்கும் பழைய மஸ்கெலியா ஊர் வெளியே வரும்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம்.