கச்சேரி கேள்வி–பதில்: ஜெனரேட்டர் முதல் மீதிப் பணம் வரை

கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கடை திறப்பு என்று சுற்றுவட்டாரத்திலேயே கச்சேரி செய்யும் சிறிய மெல்லிசைக் குழுக்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. ஆடி மாதம் நெருங்குவதால் மின்சாரம் பற்றிய கேள்விக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

திருவிழாவில் சீரியல் லைட் போடுகிறவரின் ஜெனரேட்டரிலிருந்துதான் எங்களுக்கும் லைன் தருகிறார்கள். போன கச்சேரியில் பாதியில் சில லைட்டுகள் பளீரென்று எரிந்தன, சில மங்கின. அதோடு கீபோர்டு அடாப்டரும் மிக்ஸரும் போய்விட்டன. ஸ்டெபிலைசர் வாங்கினால் போதுமா? (அருப்புக்கோட்டை வாசகர்)

போதாது. சில லைட் பளீர், சில லைட் மங்கல் என்றால் அது நியூட்ரல் விட்டுப்போனதன் அடையாளம். மூன்று பேஸ் ஜெனரேட்டரில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும். இரண்டு பேஸுக்கு இடையே சுமார் 400 வோல்ட் இருக்கும். நியூட்ரல் கழன்றுவிட்டால் அந்த 400 வோல்ட்டை லோடுகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு அதிகமாக உள்ள பேஸில் வோல்டேஜ் இறங்கும், குறைவாக உள்ள பேஸில் ஏறும். பெரிய ஃபோகஸ் லைட்டுகள் ஒரு பேஸில், கீபோர்டும் மிக்ஸரும் மட்டும் இன்னொரு பேஸில் என்றால் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி அடி வாங்குவது உங்கள் பொருள்தான். சாதாரண ரிலே ஸ்டெபிலைசர் இவ்வளவு பெரிய ஏற்றத்துக்குச் செய்யப்பட்டதில்லை. அது சுதாரிப்பதற்குள் அடாப்டர் புகைந்துவிடும்.

நியூட்ரல் ஏன் கழல்கிறது? பேனலில் வயரை வெறுமனே முறுக்கி நட்டுக்கு அடியில் செருகிவிடுகிறார்கள். இன்ஜின் அதிர்வில் அது தளர்ந்து, சூடாகி, கருகிவிடும். மூன்று பேஸ் வயரும் தடிமனாக இருக்க, நியூட்ரலுக்கு மட்டும் மெல்லிய வயரைப் போடும் பழக்கமும் உண்டு. எல்.இ.டி. விளக்குகள் பெருகியபின் அது இன்னும் ஆபத்து. மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால்கூட அவற்றின் ஹார்மானிக் கரண்ட் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் ஓடும் உபரிக் கரண்ட்) நியூட்ரலில் ஒன்றுகூடி வயரைச் சூடாக்கும்.

ஆகவே பிளக் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். குழுவில் ஒருவருக்கு இதுவே வேலையாக இருக்கட்டும். பேஸ்–நியூட்ரல் 220 முதல் 240 வரை இருக்க வேண்டும். பேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எர்த்தே இல்லை. நியூட்ரல்–எர்த் 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இதை லைட்டெல்லாம் எரியும்போது பாருங்கள். லோடு இல்லாத சாயங்காலத்தில் எல்லா ஜெனரேட்டரும் ஒழுங்காகத்தான் காட்டும். நியூட்ரல் முனையில் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, வாஷரோடு போல்ட் முடுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் ஓடும் ஜெனரேட்டரில் நீங்கள் கை வைக்கக் கூடாது. லைட் செட்காரரை நிறுத்தச் சொல்லி, அவரையே முடுக்கச் சொல்லுங்கள்.

வாங்க வேண்டியது ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் கட்–ஆஃப் கருவி. 180-க்குக் கீழேயோ 260-க்கு மேலேயோ போனால் லைனைத் துண்டிக்கும்படி அமைத்து, அதற்குப் பிறகு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் மாட்டி, ஒரே பெட்டியாகச் செய்து எடுத்துப் போங்கள். வாத்தியம், மிக்ஸர், மேடை மானிட்டர் (பாடுகிறவர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) எல்லாம் இந்தப் பெட்டியிலிருந்தே போகட்டும். மெயின் பாக்ஸ் (கூட்டத்தைப் பார்த்து வைக்கும் பெரிய ஸ்பீக்கர்) ஆம்பிளிஃபையரும் அதே பேஸில், அதே எர்த்தில் இருக்க வேண்டும். லைட் வேறு பேஸில் இருக்கட்டும். கீபோர்டுக்கு மட்டும் சின்ன யு.பி.எஸ். வைத்துக்கொண்டால் ஜெனரேட்டர் நின்றாலும் பாட்டு பாதியில் அறுந்துபோகாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதில் உயிர் போகும். கிடார் ஆம்பிளிஃபையர் ஒரு லைனிலும் மிக்ஸர் வேறு லைனிலும் இருந்தால், கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டவுடன் ஷாக் அடிக்கலாம். சவுண்ட் செக்கில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிடார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வையுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் யாரும் பாடக் கூடாது, லைனைச் சரிசெய்த பிறகுதான் கச்சேரி. 'ஹம்' சத்தம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கீபோர்டையும் கிடாரையும் டி.ஐ. பாக்ஸ் (வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக எடுத்து, அதில் சிக்னல் வயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டாலே பெரும்பாலும் ஹம் போய்விடும்.

மானிட்டரில் குரல் கேட்கவில்லை என்று பாடகி கேட்கிறார். ஏற்றினால் உடனே மைக் கூவுகிறது. மைக் செட்காரர் மைக்கைக் குறை சொல்கிறார். (பரமக்குடி வாசகர்)

மைக்கை மாற்றும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலில் பாக்ஸ் இருக்குமிடம். மெயின் பாக்ஸ்கள் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தின் பக்கம் குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டும். இடம் இல்லை என்று மேடையிலேயே பாடகருக்குப் பக்கவாட்டில் வைத்தால் எந்த மைக்கும் கூவும்.

அடுத்து மானிட்டரின் திசை. எஸ்.எம்.58 போன்ற கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும்) மைக்குக்கு நேர் பின்புறத்தில்தான் காது மந்தம். எனவே மானிட்டர் பாடகிக்கு நேர் எதிரே, மைக்கின் வால் பக்கம் இருக்கட்டும். சூப்பர் கார்டியாய்டு மைக் என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். மந்தமான இடம் பின்னால் இரு பக்கமும் சாய்வாக இருக்கும். அதற்கு மானிட்டரைச் சற்று ஓரமாகத் தள்ளுங்கள்.

மூன்றாவது, கை. மைக்கின் வலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். பிடி தண்டில் இருக்கட்டும், வாய்க்கும் வலைக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும். அந்த இடைவெளி இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். சவுண்ட்காரர் அதை ஈடுகட்ட ஏற்றுவார், கூவல் வந்துவிடும்.

நான்காவது, எக்கோ. கூட்டத்துக்கு எக்கோ வேண்டுமானால் போடுங்கள். மானிட்டருக்கு அனுப்பவே வேண்டாம். நம் மேடைகளில் பாதிக் கூவல் இதனால்தான். பாடாத மைக்கை அணைத்து வைப்பதும் முக்கியம். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது.

இதற்குப் பிறகும் கூவினால் ஒலியைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஏற்றி இறக்கும் கிராஃபிக் ஈக்குவலைசருக்கு வாருங்கள். குரல் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ–கட் போட்டு, மானிட்டரை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் கூவும் இடத்தைக் கண்டுபிடித்து அந்தப் பட்டையை மட்டும் 3 முதல் 6 டெசிபல் இறக்குங்கள். 'ஊ' என்று உறுமினால் 250–500 பக்கம் தேடுங்கள், விசில் போல இருந்தால் 1,000 முதல் 4,000 வரை. நான்கைந்து பட்டைக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் கோளாறு ஈக்குவலைசரில் இல்லை. மறுபடி பாக்ஸ் இருக்குமிடத்தைப் பாருங்கள்.

டூயட் பாடல்களில் பாடகிக்குச் சரணம் எட்டவில்லை. இறக்கினால் பாடகர் கீழே கேட்கவில்லை என்கிறார். யாருக்காகச் சுருதி வைப்பது? (மன்னார்குடி வாசகர்)

பாடகிக்காக. கீழ் ஸ்வரம் மெலிந்தால் மைக்கை நெருங்கிப் பாடியே பாதி ஈடுகட்டலாம், மீதியைச் சவுண்ட்காரர் ஏற்றிக்கொள்வார். மேல் ஸ்வரம் பிசிறினால் அதை எந்தக் கருவியும் மறைக்காது. கட்டையை (பாட்டின் அடிப்படைச் சுருதியை) முடிவு செய்யும்போது பல்லவியைப் பாடிப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். அது தப்பு. சரணத்தின் உச்ச ஸ்வரத்தை மட்டும் பாடச் சொல்லுங்கள். ஒத்திகையில் அதற்கு மேல் இன்னும் ஒரு ஸ்வரம் தாராளமாகப் போக முடிந்தால்தான், இரண்டு மணி நேரம் பாடிய பிறகும் அந்தக் கட்டை நிற்கும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பாடினால் எந்தக் கட்டை என்று நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே கீபோர்டின் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) எண்ணும் பெரிதாக இருக்கட்டும். போன பாட்டின் டிரான்ஸ்போஸை மாற்ற மறந்து அடுத்த பாட்டை ஆரம்பிப்பதுதான் மேடையில் அடிக்கடி நடக்கும் விபத்து, அப்போது கிடார் ஒரு சுருதி, கீபோர்டு ஒரு சுருதி. 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவே அரைக் கட்டை கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். டிரான்ஸ்போஸில் அது ஒரே ஒரு எண்தான். தபலாவைச் சுத்தியலால் அரைக் கட்டை ஏற்றி இறக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் நாதம் கெடும். கட்டை ஒத்துவரும் பாடல்களை அடுத்தடுத்து வைத்தால் தபலாக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்று மணி நேரக் கச்சேரிக்கு எத்தனை பாட்டு தயார் செய்வது? (குடியாத்தம் வாசகர்)

அறிவிப்பு, பொன்னாடை, கமிட்டியார் பேச்சு எல்லாம் போக ஒரு பாட்டுக்கு 6 நிமிடம் என்று கணக்கு வையுங்கள், 30 பாட்டு வரும். நேயர் விருப்பத்துக்கு இன்னும் 10 கையில் இருக்கட்டும். விநாயகர் பாட்டும் அந்த ஊர்ச் சாமிக்கு உரிய பாட்டும் முதலில். கூட்டம் உட்காரும் முன் உங்கள் சிறந்த பாட்டைச் செலவழித்துவிட வேண்டாம். வேகமான பாட்டு தொடர்ந்து மூன்றுக்கு மேல் போனால் முன்னால் இளைஞர்கள் ஆட ஆரம்பித்து, உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். நடுவே ஒரு பழைய மெலடி வையுங்கள்.

டிராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) ஓடவிட்டு அதோடு வாசிக்கும்போது தாளம் பிசகுகிறது. (சங்கரன்கோவில் வாசகர்)

ரிதம் பேட் வாசிப்பவர் டிராக்கை மானிட்டரில் கேட்டு வாசிக்கிறார் என்று நினைக்கிறோம். கூட்டத்துச் சத்தத்தில் அது மங்கும், தூரத்துப் பாக்ஸிலிருந்து வரும் ஒலியும் தாமதமாகக் காதில் விழும். ஒலி ஒரு அடி தாண்ட ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். 40 அடி தள்ளி இருந்தால் கை பின்தங்குவது தெரியும். டிராக்கை ஸ்டீரியோ ஃபைலாக மாற்றி இடப்பக்கம் இசையும் வலப்பக்கம் கிளிக்கும் (தாளத்தை எண்ணிக் காட்டும் 'டிக்' ஒலி) வையுங்கள். இடது மிக்ஸருக்கு, வலது பேட் வாசிப்பவரின் ஹெட்ஃபோனுக்கு மட்டும். அவர் பிடித்தால் மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் இரண்டு ஆவர்த்தனம் வெறும் கிளிக் விடுங்கள். கைப்பேசியிலிருந்து ஓட்டினால் ஏரோபிளேன் மோட் போட மறக்க வேண்டாம். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம்.

கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டுப் பாட உரிமம் வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவு, உண்மையான சமயச் சடங்கில் பாடுவதற்கும் வாசிப்பதற்கும் விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அதன் விளக்கமே சொல்கிறது. ஹோட்டல் புத்தாண்டு நிகழ்ச்சி, டிக்கெட் கச்சேரி, கடைத் திறப்பு இவற்றுக்கு அந்த விலக்கு கிடையாது, நடத்துகிறவர் ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளுக்கான சங்கம்) போன்ற அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே அவர் பொறுப்பு என்று எழுதிவிடுங்கள். கச்சேரி வீடியோவை யூடியூபில் ஏற்றுவது தனி விஷயம், கல்யாண விலக்கு அதைக் காப்பாற்றாது.

இரவு 10 மணிக்கு போலீஸ் வந்து நிறுத்தினார்கள். பாதிக் கச்சேரிதான் ஆயிற்று என்று கமிட்டி மீதிப் பணம் தர மறுக்கிறது. (மேலூர் வாசகர்)

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் திருவிழாக் காலத்தில் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். உங்கள் தேதி அதில் இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் முன்பே கேட்க வேண்டும். அனுமதி வாங்குவது கமிட்டியின் வேலை. அனுமதிக் கடித நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்குவது நல்ல மரியாதை. அதோடு ஒரு தாளிலும் எழுதுங்கள். பேசிய தொகை, அட்வான்ஸ், ஆரம்பிக்கும் நேரம், முடியும் நேரம், மேடையின் நீள அகலம், மைக் செட்டும் ஜெனரேட்டரும் யார் பொறுப்பு, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கமிட்டியில் இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும், ஏனென்றால் விழா முடிந்த இரவில் ஒருவர் கண்ணில் பட மாட்டார். நான்கு வரி கட்டாயம் வேண்டும். பூஜையோ பேச்சோ நீண்டு தாமதமானால் முடியும் நேரம் மாறாது, தொகையும் குறையாது. போலீஸோ மழையோ நிறுத்தினாலும், குழு மேடைக்கு வந்துவிட்டால் முழுத் தொகை. தேதிக்கு முன்பே அவர்கள் ரத்து செய்தால் அட்வான்ஸ் திரும்பாது. மீதிப் பணம் இடைவேளைக்குள் வர வேண்டும்.

கடைசி வரியை வலியுறுத்தத் தயங்க வேண்டாம். கூட்டம் இருக்கும்போது கமிட்டியின் கையில் பணமும் இருக்கும், மனமும் இருக்கும். பாடகர்களுக்கு மேடையில் கொடுக்கும் அன்பளிப்பு அவர்களுக்கா, பொதுவுக்கா என்பதையும் குழுவுக்குள் முன்பே பேசி வையுங்கள்; குழு உடைவது பெரும்பாலும் அந்த ஐந்நூறு ரூபாய் நோட்டில்தான்.

இப்போதைய பாக்கிக்கு, போலீஸ் நிறுத்திய நேரத்தையும் அதுவரை பாடிய பாடல்களையும் எழுதிக்கொண்டு கமிட்டித் தலைவரை நேரில் பாருங்கள். உங்களை அவர்களிடம் ஏற்பாடு செய்துவிட்டவரையும் கூட அழைத்துப் போங்கள். எழுத்து இல்லாத நிலையில் முழுத் தொகை கிடைப்பது கடினம். வேன் வாடகை, மைக் செட், வாத்தியக்காரர் சம்பளம் ஆகியவற்றின் ரசீதைக் காட்டி, அந்தச் செலவாவது வர வேண்டும் என்று கேளுங்கள்.