லெகோ மாதிரிகளில் எதைப் பார்த்து ரசிப்பது?

"ரசிகர்கள் தாங்களே செய்யும் லெகோ கட்டிடம், வாகனமெல்லாம் பொம்மைதானே, அதில் ரசிக்க என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். அசல் போல இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பாதி ரசனை போய்விடும்.

கொழும்பு புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசலை எடுங்கள். 1909இல் கட்டி முடிந்தது. அதன் சிவப்பு வெள்ளை வரிகள் லெகோவுக்கென்றே அமைந்தவை. ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தட்டையான துண்டு அதில் சரியாக மூன்றிலொன்று. நிறம் மாற்றி அடுக்கினால் வரி தானாக வந்துவிடும். ஆனால் அந்த மாதுளம்பழக் கும்மட்டம்? சதுரத் துண்டுகளில் உருண்டையைக் கொண்டுவர வேண்டும். என் கண் முதலில் போவது அங்கேதான்.

அப்புறம் பக்கவாட்டில் பாருங்கள். ஐந்து தட்டைத் துண்டுகளின் உயரமும், மேலே பொருத்துவதற்கான குமிழ்கள் இரண்டு வரிசையாக உள்ள துண்டின் அகலமும் ஒன்றே, 16 மில்லிமீட்டர். அதனால் துண்டைப் படுக்கவைத்தும் இடைவெளியின்றிப் பொருத்தலாம்.

வாகனமென்றால் எனக்கு த்ரீவீல்தான். நாலு குமிழ் அகலத்துக்குள், அதாவது 32 மில்லிமீட்டருக்குள், கூம்பிய மூக்கும் ஒற்றை முன்சக்கரமும் அடங்க வேண்டும். என் மருமகன் செய்ததில் சாரதி உட்கார்ந்தால் கூரை கழன்று விழும். அவனோ, "மாமா, வெயிலுக்குத் திறந்து வச்சிருக்கு" என்கிறான்.