பிறநாட்டுப் பெண்களின் புனைகதைகள்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில், பிறநாட்டுப் பெண்கள் இன்று எழுதும் நாவல்களையும் சிறுகதைகளையும் எப்படித் தேடி வாசிப்பது என்று பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் இளைப்பாறிய ஆங்கில ஆசிரியை. கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தவள் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

மல்லாவி வாசகி: எனக்கு ஆங்கில நாவல் வாசிக்குமளவுக்குப் பழக்கமில்லை, ரீச்சர். தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்?

2024இல் நோபல் பரிசு பெற்ற தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் நாவல், சமயவேலின் மொழிபெயர்ப்பில் ‘மரக்கறி’ என்ற பெயரில் தமிழில் வந்திருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு கனவு கண்டபின் இறைச்சி உண்ண மறுத்துவிடும் பெண்ணின் கதை அது. ஆனால் அவளைக் கணவன், அக்காளின் கணவன், அக்காள் ஆகிய மூவரின் பார்வை வழியாகவே நாம் அறிகிறோம்; அவளுடைய சொந்தக் குரல் இடையிடையே வரும் கனவுத் துண்டுகளில் மட்டுமே கேட்கிறது. குடும்பமே கூடியிருக்கும்போது தகப்பன் அவளுடைய வாயில் இறைச்சியைத் திணிக்க முயலும் காட்சியை வாசித்தபின் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் முற்றத்தில் நின்றேன். தலைப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் அச்சொல் எப்படி ஒலிக்குமோ தெரியாது. சந்தையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதை நாள்தோறும் சொல்லும் நமக்கு அது வீட்டுச்சொல்.

அடுத்ததாக, சிங்களத்தில் எழுதும் சுநேத்ரா ராஜகருணாநாயகவின் ‘அம்மாவின் ரகசியம்’. எம். ரிஷான் ஷெரீப் மொழிபெயர்த்தது. உலகம் என்றதும் கடலுக்கு அப்பால் மட்டுமே பார்க்கவேண்டும் என்பதில்லை.

புதுக்குடியிருப்பு வாசகர்: நாங்கள் பட்டதைப்போன்ற ஒன்றைப் பெண்கள் எழுதியிருக்கிறார்களா? போரைக் காணாத ஒருவர் எழுதினால் அது உண்மையாக இருக்குமா?

நைஜீரியாவின் சிமமாண்டா அடிச்சி 2006இல் வெளியிட்ட ‘ஹாஃப் ஒஃப் எ யெல்லோ சன்’ உங்களுக்கான பதில். 1967இல் பிரிந்து தனிநாடாக அறிவித்துக்கொண்ட பயஃப்ரா, முற்றுகையாலும் பட்டினியாலும் நலிந்து 1970இல் வீழ்ந்த காலத்தை அது சொல்கிறது. அடிச்சி பிறந்ததோ 1977இல். எனினும் அவருடைய பாட்டன்மார் இருவரும் அந்தப் போர்க்காலத்தில் இறந்தவர்கள், அந்த வீட்டின் பேச்சுக்குள் வளர்ந்தவர் அவர். ஹான் காங்கும் அப்படித்தான்: 1980 மே மாதத்தில் குவாங்ஜு நகரில் இராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றதற்குச் சில மாதங்கள் முன்னரே அவருடைய குடும்பம் அவ்வூரை விட்டுப் போய்விட்டது, பல ஆண்டுகள் கழித்து, உடல்களைக் காத்து நிற்கும் ஒரு பள்ளிச் சிறுவனை ‘நீ’ என்று விளித்து ‘ஹ்யூமன் அக்ட்ஸ்’ நாவலைத் தொடங்கினார். காணாதவர் தாம் காணவில்லை என்பதை மறக்காமல் கேட்டுக் கேட்டு எழுதும்போது, கண்டவரின் சொந்த வேதனை சில வேளைகளில் மறைத்துவிடுவதையும் அவரால் எழுத முடிகிறது என்பதே என் எண்ணம்.

அடிச்சியின் நாவலில் உக்வு என்ற வேலைக்காரப் பையனைப் பிடித்துப் படையில் சேர்க்கிறார்கள். அங்கே அவன் மன்னிக்க முடியாத ஒரு குற்றத்தில் பங்கெடுக்கிறான். நாம் நேசித்த பிள்ளை என்பதற்காக ஆசிரியர் அவனைத் தப்பவிடவில்லை. இன்னொரு பாத்திரம் எதிரியின் பகுதிக்குள் சாமான் வாங்கப் போய்த் திரும்பி வராமலேயே போகிறது. கதையின் இறுதியைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டப் பந்தலைக் கடந்து போனவர்களுக்கு, அந்தக் கடைசிப் பக்கங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மாங்குளம், தாதி உத்தியோகத்தர்: போரைப்பற்றி இனி ஒரு வரியும் வாசிக்க எனக்கு மனமில்லை. சிரிக்கக்கூடியதாக ஏதாவது?

உங்கள் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வன்னியில் இருப்பவருக்குப் போர்க்கதையையே நீட்டுவது எங்களைப் போன்றவர்களின் கெட்ட பழக்கம். ஜப்பானின் சயாகா முராட்டா எழுதிய ‘கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்’ சிறிய நாவல், எளிய ஆங்கிலம். முப்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி பதினெட்டு ஆண்டுகளாக ஒரே கடையில் பகுதிநேர வேலை செய்கிறாள். கல்யாணம் எப்போது, நல்ல வேலை எப்போது என்று ஊரே கேட்கிறது, அவளோ கடையின் ஓசைகளுக்குள் நிம்மதியாக இருக்கிறாள். கீதாஞ்சலி ஸ்ரீ இந்தியில் எழுதிய ‘டூம் ஒஃப் ஸாண்ட்’ நாவலில், கணவன் இறந்தபின் சுவரைப் பார்த்துப் படுத்த எண்பது வயதுக் கிழவி எழுந்து எல்லை கடந்து பாகிஸ்தானுக்கே போய்விடுகிறாள். அது நீளமானது, சொல்விளையாட்டு மிகுந்தது, ஆகவே பொறுமை வேண்டும்.

பூநகரி வாசகர்: பரிசு பெற்ற நூல்களை நம்பலாமா?

கதவு என்ற அளவில் நம்பலாம். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட புனைகதைக்கான சர்வதேச புக்கர் பரிசின் தொகையான 50,000 பவுண் எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. 2025இல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கும் தீபா பஸ்தியும் அதைப் பெற்றபோது, முதன்முறையாக ஒரு சிறுகதைத் தொகுப்பு வென்றது. ஆயினும் வென்ற நூலைவிட, பரிசுக்காக முதலில் தெரிவு செய்யப்படும் நூல்களின் நெடும்பட்டியலே எனக்குப் பயன்பட்டிருக்கிறது. அதைவிடப் பயன்பட்டது மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பின்தொடர்வது: ‘மரக்கறி’யை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்ற டெபோரா ஸ்மித் தொடங்கிய பதிப்பகமே கீதாஞ்சலி ஸ்ரீயின் நாவலையும் பிரித்தானியாவில் வெளியிட்டது.

வவுனியா, பல்கலைக்கழக மாணவி: புத்தகம் வாங்கக் காசில்லை.

‘வேர்ட்ஸ் விதவுட் போர்டர்ஸ்’ என்ற இணைய இதழில் பல மொழிகளின் கதைகள் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறுகதையாகத் தொடங்குங்கள், மகள். பிடித்த பெயரைக் குறித்துவைத்து நூலகத்தில் கேளுங்கள்.

நெடுங்கேணி வாசகர்: எங்கள் பெண்களை வாசிக்காமல் உலகம் எதற்கு?

இரண்டையும் சேர்த்து வாசிக்கலாமே. பரந்தனில் பிறந்த எழுத்தாளர் தாமரைச்செல்வியின் கதைகளில் வரும் வயல்களையும், தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ நாவல் காட்டும் இறுதிப் போர்க்கால இடப்பெயர்வையும் அறிந்தவர் அடிச்சியை வேறு விதமாக வாசிப்பார். யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட ‘ப்ரதர்லெஸ் நைட்’ நாவலுக்காக வி. வி. கணேசானந்தன் 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றார். அங்கே நாமே அந்த ‘உலகம்’.

அடிச்சியின் நாவலில் என்னிடம் ஒரு பிரதிதான் உண்டு. முதலில் புதுக்குடியிருப்புக்கும் பிறகு பூநகரிக்கும் கொடுக்கிறேன். பக்கங்களை மடிக்காமல் திருப்பித் தாருங்கள்.